வலி தணிந்துவிட்டது, ஆனால் பாதம் மேலே எழவில்லை: டிஸ்க் விலகலுக்கு அறுவை சிகிச்சை வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 47. உட்கார்ந்தே செய்யும் வேலை. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் இடுப்பில் தொடங்கிய வலி வலது பிட்டம், தொடை, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் வழியாகப் புறங்கால் வரை இறங்கியது. பத்து நாட்களுக்கு முன் அந்த வலி திடீரென்று பெருமளவு தணிந்தது. ஆனால் அதே சமயத்தில் வலது பாதத்தைத் தூக்க முடியாமல் போயிற்று. நடக்கும்போது செருப்பு கழன்றுவிடுகிறது. படியேறினால் விரல் தட்டுகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள எல்4–எல்5 டிஸ்க்கிலிருந்து ஒரு துண்டு வலப்பக்கம் பிதுங்கிக் கீழ்நோக்கி நகர்ந்திருப்பதாகவும், அதற்கு அடுத்துக் கீழே உள்ள எல்5–எஸ்1 டிஸ்க்கில் லேசான வீக்கம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். கணுக்காலைத் தூக்கும் வலு 5-க்கு 3, பெருவிரலைத் தூக்கும் வலு 5-க்கு 2 என்பது மருத்துவரின் குறிப்பு. ஒரு மருத்துவர் உடனே நுண்துளை அறுவை சிகிச்சை செய்யச் சொல்கிறார். மற்றொருவர் ஆறு வாரம் பிசியோதெரபி செய்து பார்க்கலாம் என்கிறார். முதுகெலும்பில் கை வைத்தால் படுத்த படுக்கைதான் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். வலி குறைந்த பிறகும் அறுவை சிகிச்சை தேவையா? சிறு துளை போதுமா, லேசர் சிகிச்சை கூடாதா? இரண்டு டிஸ்க்கையும் சரிசெய்ய வேண்டுமா? பாதம் பழைய நிலைக்கு வருமா? எப்போது வேலைக்குப் போகலாம், கார் ஓட்டலாம்?

பதில்: உங்களை நான் நேரில் பரிசோதிக்கவில்லை, ஸ்கேன் படங்களையும் பார்க்கவில்லை. கடிதத்தில் உள்ள விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு சொல்வதானால், முதல் மருத்துவரின் ஆலோசனையையே நானும் வழிமொழிவேன். ஆறு வாரம் பொறுத்துப் பார்ப்பது வலி மட்டுமே உள்ள நோயாளிக்கு நல்ல ஆலோசனை. பத்து நாட்களுக்குள் பாதத்தைத் தூக்கும் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிட்ட ஒருவருக்கு அது பொருந்தாது.

வேறு எதையும் விளக்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் கழிக்க முயன்றும் வராமல் தேங்குதல், தன்னை அறியாமல் சிறுநீரோ மலமோ கசிதல், ஆசனவாயைச் சுற்றியும் பிறப்புறுப்பிலும் தொடைகளின் உட்புறத்திலும் உணர்ச்சி மரத்துப்போதல், இடது காலிலும் வலு குறையத் தொடங்குதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும், குறித்த அறுவை சிகிச்சைத் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே, இரவாக இருந்தாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தண்டுவடம் முடிந்த பிறகு கீழே இறங்கும் நரம்புக் கற்றை முழுவதும் நசுங்குவதன் அறிகுறிகள் இவை. அந்த நிலையில் மணிக்கணக்கில் ஏற்படும் தாமதம்கூட வாழ்நாள் முழுவதற்கும் சிறுநீர்க் கட்டுப்பாட்டைப் பறித்துவிடக்கூடும்.

இனி வலி ஏன் தணிந்தது என்று பார்ப்போம். முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள ஒவ்வொரு டிஸ்க்கிலும் உறுதியான நார் வளையம் ஒன்று வெளியிலும், கூழ் போன்ற பகுதி உள்ளேயும் இருக்கின்றன. வளையத்தில் விரிசல் விழுந்து உட்பகுதி பின்புறமாக வெளியேறும்போது அது அருகில் செல்லும் நரம்பு வேரை அழுத்துகிறது. அத்துடன் அதிலுள்ள வேதிப்பொருட்கள் நரம்பைச் சுற்றி அழற்சியையும் உண்டாக்குகின்றன. காலில் மின்சாரம் பாய்வது போன்ற வலிக்கு அழுத்தத்தைப் போலவே இந்த அழற்சியும் பெரிய காரணம். அழற்சி சில வாரங்களில் அடங்கினால் வலி குறையும். அழுத்தம் அப்படியே இருந்தாலும் குறையும். அழுத்தம் மிகுந்து நரம்பு இழைகள் செய்தியைக் கடத்தும் திறனையே இழந்துவிட்டாலும் வலி குறையத்தான் செய்யும். ஆகவே வலி தணிந்து, கூடவே வலுவும் தணிந்தால், அதைக் குணமாவதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதுகெலும்பு நோயாளிகள் தாமதமாக வந்து சேர்வதற்கு நான் கண்ட காரணங்களில் இதுவே முதன்மையானது. வலித்தவரை ஓடி வருகிறார்கள்; வலி நின்றதும், கால் இழுபடுவதைப் பொருட்படுத்தாமல் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அதனால்தான் வலியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் குதிகாலில் நான்கு அடி நடந்து காட்டச் சொல்வது என் வழக்கம்.

உங்கள் மருத்துவர் குறித்துள்ள எண்களின் பொருள் இதுதான். தசையின் வலு 0 முதல் 5 வரை அளக்கப்படுகிறது. 5 என்பது இயல்பான வலு. 4 என்றால் ஓரளவு எதிர்ப்பைத் தாங்கி அசைக்க முடியும். 3 என்றால் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்க முடியும், ஆனால் மருத்துவர் விரலால் சற்று அழுத்தினாலும் விழுந்துவிடும். 2 என்றால் அதற்கும் வலுவில்லை. 4-இல் நிலையாக நிற்கும் ஒருவரை அவ்வப்போது பரிசோதித்தபடி சில வாரங்கள் கவனிப்பது நியாயமானது. 3-உம் அதற்குக் கீழும், அதிலும் அண்மையில் இறங்கியது என்றால், பெரும்பாலான முதுகெலும்பு மருத்துவர்கள் முடிவை நாட்களில் எடுப்பார்கள், மாதங்களில் அல்ல. எத்தனையாவது நாளுக்குள் செய்தாக வேண்டும் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே எல்லைக்கோடு கிடையாது. ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடுகின்றன. ஆயினும் வலுவிழப்பு கடுமையாகவும் நீண்டதாகவும் இருந்தால் மீட்சி குறையும் என்ற திசையையே அவற்றில் பெரும்பான்மை காட்டுகின்றன.

இருந்தாலும், அறுவை சிகிச்சை அரங்குக்குள் நுழையும் முன் ஒரு கேள்விக்கு உறுதியான விடை கிடைத்திருக்க வேண்டும்: பாதம் தொங்குவதற்குக் காரணம் உண்மையிலேயே முதுகில்தான் இருக்கிறதா? முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனையைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கால் மேல் கால் போட்டு நெடுநேரம் உட்காருவோருக்கும், வேகமாக உடல் எடை இழந்தவர்களுக்கும், மாவுக்கட்டு இறுகியவர்களுக்கும் அந்த இடத்திலேயே நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கும். அப்படிப்பட்டவருக்கு முதுகில் அறுவை செய்தால் ஒரு பயனும் இருக்காது. ஆனால் அவருடைய ஸ்கேனிலும் ஏதாவது ஒரு டிஸ்க் வீங்கித் தெரியக்கூடும், ஏனென்றால் நடுவயதைத் தாண்டியவர்களில் எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் அது தெரிகிறது. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. முழங்கால் நரம்பு பாதிக்கப்பட்டால் பாதத்தை வெளிப்புறம் திருப்புவது கடினமாகும், உட்புறம் திருப்பும் வலு குறையாது. ஐந்தாம் இடுப்பு முதுகெலும்புக்குக் கீழே வெளியேறும் எல்5 நரம்பு வேர் பாதிக்கப்பட்டால் உட்புறம் திருப்பும் வலுவும், ஒருக்களித்துப் படுத்து மேற்காலைப் பக்கவாட்டில் தூக்கும் இடுப்புத் தசையின் வலுவும் சேர்ந்து குறையும். உங்களுக்குப் பிட்டத்திலிருந்து புறங்கால் வரை ஓடிய வலி முதலில் வந்து, பிறகு பாதமும் பெருவிரலும் தளர்ந்திருப்பது எல்5 வேரையே சுட்டுகிறது. எனினும் இந்த இரண்டு அசைவுகளையும் உங்கள் மருத்துவர் பரிசோதித்தாரா என்று கேட்பதில் தவறில்லை.

சர்க்கரை நோயும் நரம்புகளைத் தாக்கும் என்பதால், எல்லாம் சர்க்கரையால் வந்தது என்று யாராவது சொல்லக்கூடும். சர்க்கரையால் வரும் நரம்புச் சிதைவு வழக்கமாக இரு பாதங்களிலும் விரல் நுனிகளிலிருந்து மெல்ல மெல்ல ஏறும். ஒரே காலில் சில நாட்களில் பாதத்தை விழவைப்பது அதன் இயல்பன்று. ஐயம் நீங்காவிட்டால் நரம்புக் கடத்தல் சோதனையும் தசை மின்சோதனையும் உதவும். ஆனால் தசையில் மாற்றங்கள் தெளிவாகத் தெரிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும் என்பதால், அறிகுறிகளும் ஸ்கேனும் ஒத்துப்போகும் நிலையில் அந்தச் சோதனைக்காக மட்டும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட மாட்டேன்.

இரண்டு டிஸ்க்கையும் சரிசெய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு விடை இந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது. எல்4–எல்5 டிஸ்க்கின் துண்டு பின்புறம் ஒரு பக்கமாகப் பிதுங்கும்போது, அதைக் கடந்து கீழே செல்லும் எல்5 வேரைத்தான் பெரும்பாலும் அழுத்தும். உங்கள் துண்டு கீழ்நோக்கி நகர்ந்தும் இருப்பதால் அந்த வேரின் மேலேயே கிடக்கிறது என்று கொள்ளலாம். எல்5–எஸ்1 டிஸ்க் வழக்கமான இடத்தில் பிதுங்கினால் பாதிக்கப்படுவது எஸ்1 வேர். அதன் வேலை குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நிற்க வைப்பது. உங்களால் வலது நுனிக்காலில் தனியாக நிற்க முடிகிறதென்றால், குதிகால் நாரைத் தட்டும்போது எழும் அனிச்சை அசைவும் இயல்பாக இருந்தால், அந்த லேசான வீக்கத்தைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. இதில் ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. எல்5–எஸ்1 டிஸ்க் பக்கவாட்டில், நரம்பு வெளியேறும் துளைக்குள் பிதுங்கியிருந்தால் அதுவும் எல்5 வேரையே அழுத்தும். எனவே அந்தத் துளை திறந்திருக்கிறதா என்பதைக் ஸ்கேன் அறிக்கையின் ஒரு வரியை மட்டும் நம்பாமல், அறுவை மருத்துவர் படங்களைத் தாமே பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஸ்கேனில் தெரிவதையெல்லாம் திருத்தப் புறப்படும் மருத்துவரைவிட, அறிகுறிக்குக் காரணமான ஒன்றை மட்டும் தொடும் மருத்துவரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இரண்டாவது மருத்துவரின் ஆலோசனைக்கும் அடிப்படை இல்லாமல் இல்லை. டிஸ்க்கிலிருந்து வெளியேறிய துண்டுகள், அதிலும் பெரியவை, பல மாதங்களில் உடலாலேயே கரைக்கப்படுவது உண்மை. நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 6 முதல் 12 வாரங்களாகக் கடுமையான கால் வலியுடன் இருந்த 283 பேரில் ஒரு பகுதியினருக்கு உடனே அறுவை சிகிச்சையும், மற்றவர்களுக்கு முதலில் மருந்தும் கண்காணிப்பும் அளிக்கப்பட்டன. உடனே அறுவை செய்துகொண்டவர்கள் விரைவில் நலமடைந்தார்கள். ஆனால் ஓராண்டு முடிவில் இரு குழுவிலும் 95 சதவீதத்தினர் தேறிவிட்டார்கள். வலிக்காக அவசரப்பட வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இத்தகைய ஆய்வுகளே ஆதாரம். ஆனால் அந்த ஆய்வில், புவியீர்ப்புக்கு எதிராகத் தசையை அசைக்க முடியாத அளவுக்கு வலுவிழந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. உங்களுடைய பெருவிரல் அந்த விலக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. கணுக்கால் அதன் விளிம்பில் நிற்கிறது. ஆகவே அந்த முடிவை உங்களுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றியும் இதையே சொல்வேன்: அது அழற்சியைத் தணித்து வலியைக் குறைக்கும், நரம்பின் மேல் கிடக்கும் துண்டை அகற்றாது, சர்க்கரை அளவையும் சில நாட்களுக்கு ஏற்றிவிடும்.

உறவினர்களின் அச்சத்துக்கு உடற்கூறே பதில் சொல்கிறது. மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம், பெரியவர்களில் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முதுகெலும்பின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. உங்களுக்கு அறுவை நடக்கப்போவது அதற்கு வெகு கீழே, தனித்தனி நரம்பு வேர்கள் நூல்களாகத் தொங்கும் பகுதியில். அங்கே தவறு நேர்ந்தால் ஒரு வேருக்குச் சேதம் ஏற்படலாம். ஆனால் கைகால் முழுவதும் செயலிழந்து படுத்த படுக்கையாகும் காட்சிக்கு அந்த இடத்தில் வாய்ப்பு மிக மிகக் குறைவு. முன்காலத்தில் பெரிய கீறல், நீண்ட படுக்கை ஓய்வு, பிறகும் தீராத முதுகுவலி என்று பலர் அவதிப்பட்டதை அவர்கள் பார்த்திருக்கலாம். அந்த நினைவு பொய்யன்று, இன்றைய முறைக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

முறைகள் மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிஸ்க் பிதுங்குவதே கால் வலிக்கும் வலுவிழப்புக்கும் காரணம் என்பதையும், அதை அகற்றலாம் என்பதையும் 1934-இல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் எழுதி நிறுவினார்கள். அப்போது எலும்பின் பெரும்பகுதியை எடுத்துத்தான் உள்ளே போக முடிந்தது. 1977-இல் யசர்கிலும் காஸ்பரும் அறுவை நுண்ணோக்கியைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்ட பிறகு கீறல் சிறுத்தது. 1997-இல் ஃபோலியும் ஸ்மித்தும், முதுகுத் தசையை எலும்பிலிருந்து உரிக்காமல், அதன் இழைகளுக்கு இடையில் குழாயைச் செலுத்தி வேலை செய்யும் வழியை அறிமுகம் செய்தார்கள். உங்கள் மருத்துவர் சொல்லும் நுண்துளை அறுவை சிகிச்சை பெரும்பாலும் இதுவாகவோ, இதைவிடச் சிறிய துளை வழியாகச் செய்யப்படும் எண்டோஸ்கோப்பி முறையாகவோ இருக்கும்.

குழாய் முறையில் நீங்கள் குப்புறப் படுக்க வைக்கப்பட்டு, எக்ஸ்-ரே உதவியுடன் சரியான டிஸ்க் எது என்று அடையாளம் காணப்படும். நடுக்கோட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கீறி, சிறியதிலிருந்து பெரியதாக ஒன்றன்மேல் ஒன்றாகக் குழாய்களைச் செலுத்தித் தசையை விலக்குவார்கள். எலும்பின் ஓரத்தில் சிறு சாளரம் அளவுக்குத் தேய்த்தெடுத்து, நரம்பை மென்மையாக நகர்த்தி, வெளியேறிய துண்டையும் டிஸ்க்கில் தளர்ந்து கிடக்கும் பகுதியையும் மட்டும் எடுப்பார்கள். டிஸ்க் முழுவதையும் எடுப்பதில்லை. எண்டோஸ்கோப்பி முறையில் துளை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. உப்புநீர் பாய்ந்துகொண்டிருக்க, கேமரா காட்டும் திரையைப் பார்த்தே வேலை நடக்கும். பக்கவாட்டு வழியாகப் போகும்போது முழு மயக்கம் இல்லாமலும் செய்ய முடியும். ஆனால் உங்களுடையதைப் போலக் கீழே நகர்ந்த துண்டைப் பக்கவாட்டுத் துளை வழியாக எட்டிப் பிடிப்பது கடினமாகலாம். துண்டில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிட்டால் செய்ததன் நோக்கமே கெட்டுவிடும். ஆகவே பின்புற வழியில் நரம்பை நேரடியாகப் பார்த்து விடுவிக்கும் முறை உங்களுக்கு எளிதாக இருக்கும் என்பது என் ஊகம். படங்களைப் பார்த்தவர் வேறு முடிவுக்கு வந்தால் அதற்கான காரணத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.

துளையின் அளவைப் பற்றி விளம்பரங்கள் பேசும் அளவுக்கு அறிவியல் பேசுவதில்லை. 2009-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று குழாய் முறையையும் வழக்கமான நுண்ணோக்கி முறையையும் 328 நோயாளிகளில் ஒப்பிட்டது. குழாய் முறை மேலானது என்று அதில் தெரியவரவில்லை. ஓராண்டு முடிவில் வலியைப் பொறுத்தவரை பழைய முறைக்கே மிகச் சிறிய அளவில் சாதகம் இருந்தது. 2022-இல் அதே நாட்டிலிருந்து 613 பேரை வைத்து வெளியான மற்றோர் ஆய்வு, எண்டோஸ்கோப்பி முறை நுண்ணோக்கி முறைக்குக் குறைந்ததன்று என்று காட்டியது. சிறு கீறலால் இரத்த இழப்பு குறைவதும், தசைக் காயம் குறைவதும், விரைவில் எழுந்து நடப்பதும் உண்மையான நன்மைகள்தாம். ஆனால் உங்கள் பாதம் மீள்வதைத் தீர்மானிப்பது தோலில் உள்ள தழும்பன்று. நரம்பு முழுமையாக விடுவிக்கப்பட்டதா, எவ்வளவு விரைவில் விடுவிக்கப்பட்டது என்பவைதாம். ஒரு மருத்துவரின் கை எந்த முறையில் நன்றாகப் பழகியிருக்கிறதோ அந்த முறையை அவர் செய்வதே உங்களுக்குப் பாதுகாப்பு. ஒரு வாரத்தில் நுண்ணோக்கி முறையில் செய்துகொள்ள முடியும் என்றால், இன்னும் சிறிய துளைக்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம்.

லேசரும் ஓசோன் ஊசியும் உங்களுக்கு ஆகாது. டிஸ்க்கின் உள்ளே அழுத்தத்தைக் குறைப்பதே அவற்றின் நோக்கம். டிஸ்க்கை விட்டு வெளியேறி நரம்பின் மேல் கிடக்கும் துண்டை அவை எட்டாது. மறுபுறம், திருகாணியும் கம்பியும் வைத்து எலும்புகளை இணைக்கும் பெரிய அறுவையும் சாதாரண டிஸ்க் விலகலுக்குத் தேவையில்லை. எலும்பு முன்னோக்கி நழுவியிருக்கிறது, அந்த இணைப்பு நிலையற்று அசைகிறது என்பன போன்ற காரணம் காட்டப்பட்டாலன்றி அதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

ஆபத்துகளை மறைக்க விரும்பவில்லை. நரம்புகளைச் சுற்றியுள்ள உறை கிழிந்து நீர் கசிவது சிலருக்கு நேரும். பெரும்பாலும் அங்கேயே அடைக்கப்பட்டு ஓரிரு நாள் கூடுதல் ஓய்வுடன் சரியாகிவிடும். நோய்த்தொற்று, உள்ளே இரத்தம் கட்டுதல், நரம்பு காயப்பட்டு வலு மேலும் குறைதல் ஆகியவை அரிதானவை. அதே டிஸ்க்கிலிருந்து மீண்டும் ஒரு துண்டு வெளியேறுவது 100 பேரில் சுமார் 5 முதல் 10 பேருக்கு நடக்கிறது. சிறு துளை முறையானாலும் இந்தக் கணக்கு மாறிவிடுவதில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது தொற்றுக்கான வாய்ப்பு கூடும் என்பதால், அறுவைக்கு முன்னும் பின்னும் சில நாட்கள் மாத்திரைக்குப் பதிலாக இன்சுலின் கொடுக்கப்படலாம். இரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதேனும் சாப்பிட்டால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். புகைபிடிப்பவராக இருந்தால் இன்றே விட்டுவிடுவது காயம் ஆறவும் டிஸ்க் மேலும் சிதையாமல் இருக்கவும் உதவும்.

பாதம் திரும்ப வருமா என்பதுதான் உங்கள் கேள்விகளிலேயே கடினமானது. நரம்பு இழை ஒவ்வொன்றும் மின்கம்பியைப் போல உறையிட்டது. அழுத்தத்தால் உறை மட்டும் சேதமடைந்து, உள்ளிருக்கும் இழை அறுபடாமல் இருந்தால், அழுத்தம் நீங்கிய சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் வலு திரும்பிவிடும். இழையே அறுபட்டிருந்தால் அது மீண்டும் வளர வேண்டும். அந்த வளர்ச்சி ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். இடுப்பிலிருந்து, பாதத்தைத் தூக்கும் முன்கால் தசை வரை முக்கால் மீட்டர் தூரம் இருப்பதால், அந்தப் பயணத்துக்கு இரண்டு ஆண்டுகள் ஆகும்; நரம்புத் தொடர்பை இழந்த தசையோ அதற்குள் நார்த்தன்மை அடைந்து, வந்து சேரும் இழையை ஏற்கும் திறனைப் பெரிதும் இழந்துவிடும். ஆனால் அழுத்தத்தால் எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் அறுபடுவது அரிது. தப்பிய இழைகள் தசைக்குள்ளேயே கிளைவிட்டு, அருகில் அநாதையான தசைநார்களையும் எடுத்துக்கொள்கின்றன. வலு 3 இருப்பவருக்கும் 0 இருப்பவருக்கும் மீட்சியில் பெரிய வேறுபாடு தென்படுவதற்கு இதுவே காரணம். உங்கள் கணுக்காலில் இன்னும் 3 இருப்பதும், பத்து நாட்களே ஆகியிருப்பதும் உங்களுக்குச் சாதகமானவை, வயதும் பாதகமில்லை, சர்க்கரை நோய் மட்டும் சற்றுப் பின்னிழுக்கும். முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்களில் தெரியும். ஓராண்டுக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடரலாம். கணுக்கால் நடைக்குப் போதுமான வலுவைப் பெற்றுவிட்டு, பெருவிரல் மட்டும் பின்தங்கி நிற்பதும் உண்டு. முழு மீட்சிக்கு எந்த மருத்துவராவது உத்தரவாதம் தந்தால் அதை நம்ப வேண்டாம். அறுவையின் முதல் நோக்கம் இருக்கும் வலுவை மேலும் இழக்காமல் காப்பதும், நரம்பு தன்னைத் தானே சீர்செய்துகொள்ள வழிவிடுவதும்தான்.

பிசியோதெரபியை ஒதுக்கச் சொல்லவில்லை. அதற்குரிய இடம் அறுவைக்கு மாற்றாக அன்று, அறுவைக்குப் பிறகு. நரம்பு மீளும் மாதங்களில் கணுக்கால் இறுகிவிடாமல் காப்பதுதான் அதன் முதல் பணி. தூக்கும் தசை தளர்ந்திருக்க, கெண்டைக்கால் தசை மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தால் குதிகால் நார் குறுகிவிடும். பிறகு நரம்பு மீண்டாலும் பாதம் மேலே எழாது. எனவே இன்றிலிருந்தே, அறுவைக்கு முன்னும்கூட, உட்கார்ந்த நிலையில் ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, முதுகை வளைக்காமல், பாதத்தைத் தன் பக்கம் மெதுவாக இழுத்து அரை நிமிடம் பிடிப்பதை ஒரு நாளைக்குச் சில தடவை செய்யுங்கள். நடக்கும்போது பாதத்தைத் தாங்கும் லேசான பிளாஸ்டிக் பட்டை ஒன்றை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, கட்டும் வகைக் காலணிக்குள் அணியுங்கள். கூச்சப்பட்டு அதைத் தவிர்த்து, தடுக்கி விழுந்து, மணிக்கட்டையோ இடுப்பையோ முறித்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர் என்பதால், பட்டை உராயும் இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று இரவுதோறும் பார்க்க வேண்டும். புறங்காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் வருவது உங்களுக்குத் தெரியாமலே போகும். முதுகை மிதித்தோ முறுக்கியோ எடுக்கும் வைத்தியம் எதற்கும் இந்த நிலையில் உடன்பட வேண்டாம்.

ஓராண்டுக்கு மேலாகியும் பாதம் எழவில்லை என்றால் பட்டையைத் தொடரலாம், அல்லது வேறொரு தசையின் நாரை இடம் மாற்றிப் பாதத்தைத் தூக்க வைக்கும் அறுவையைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு வழக்கமாகப் பயன்படும் தசையும் பெரும்பாலும் எல்5 வேரையே நம்பியிருப்பதால், அதன் வலுவை அளந்த பிறகே அந்தப் பேச்சை எடுக்க முடியும். இப்போது அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அறுவைக்குப் பிறகு அன்றோ மறுநாளோ எழுந்து நடக்க வைப்பார்கள். வீடு திரும்புவதும் ஓரிரு நாளில் நடக்கும். முதல் சில வாரங்களுக்குக் குனிந்து எடை தூக்குவதையும், இடுப்பை முறுக்குவதையும், தொடர்ந்து நெடுநேரம் உட்காருவதையும் தவிர்க்க வேண்டும். உங்களுடையது உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால், இரண்டு முதல் நான்கு வாரங்களில், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கும் ஏற்பாட்டுடன் பலரும் திரும்பிவிடுகிறார்கள். முதல் சில நாட்கள் பாதி நேரம் மட்டும் வேலை செய்ய முடிந்தால் நல்லது. கார் ஓட்டுவது முதுகைப் பொறுத்த விஷயமன்று, உங்கள் வலது பாதத்தைப் பொறுத்தது. முடுக்கியிலிருந்து பாதத்தைத் தூக்கிப் பிரேக்குக்கு மாற்றுவது இப்போது தளர்ந்திருக்கும் அதே தசையின் வேலை. ஆகவே அறுவை நடந்தாலும் நடக்காவிட்டாலும், இன்றைய நிலையில் நீங்கள் கார் ஓட்டக் கூடாது. பட்டை அணிந்துகொண்டு ஓட்டலாம் என்றும் எண்ண வேண்டாம். கணுக்கால் அசையாமல் பிரேக்கை உணர்ந்து மிதிக்க முடியாது. பட்டை இல்லாமலே பாதத்தைத் தடையின்றித் தூக்கவும், திடீரென்று முழு வலுவுடன் மிதிக்கவும் முடிகிறது என்று உங்கள் மருத்துவர் பரிசோதித்துச் சொன்ன பிறகே ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள்.